புளி போட்டுத் தேய்த்த டிரம்

பழைய சைடு டிரம் எதுவானாலும் சரி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தட்டு தட்டினாலே அதன் வயதைச் சொல்லிவிடுவேன். திருவண்ணாமலையில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பொய். என் வயதையே ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் சொல்வேன்.

நான் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாசிக்கிறவன். இடுப்பில் தொங்கவிட்டு இரண்டு குச்சியால் அடிக்கிற, அடித்தோலில் கம்பி கட்டிச் சரசரக்கிற சின்ன டிரம்மைத்தான் சைடு டிரம் என்போம். அடித்து அடித்தே அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அடியில் கம்பிக்குப் பதில் நரம்பு கட்டியிருந்தால் பழசு. முலாம் லேசாக மஞ்சள் தட்டினால் நிக்கல், அதுவும் பழசு. நீலமாக மின்னினால் குரோமியம், பிந்தி வந்தது. மேல்தோலைப் பார்த்து மட்டும் எதுவும் சொல்லக் கூடாது. அது செருப்பு மாதிரி, எத்தனை தடவை மாற்றினார்களோ. இவ்வளவுதான் என் படிப்பு. டிரம்மின் மேல் பதித்த தகட்டில் இங்கிலீஷில் ஏதாவது இருந்தால் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எழுத்து தேஞ்சி போச்சி" என்று சொல்லிவிடுவேன். எழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது.

இந்தப் படிப்பை நம்பி, எங்கள் பேண்டில் டிரம்பெட் ஊதும் பாய் ஒரு பித்தளை டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய டிரம்பெட்டில் ஒரு வால்வை அமுக்கினால் கீழே போகும், மேலே வராது. வைகாசி முகூர்த்தத்துக்குள் வேறு டிரம்பெட் வாங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று எங்கள் பேண்டு மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பரணில் கிடந்த இந்த டிரம் விலை போனால்தான் பாய்க்கு டிரம்பெட். பழைய டிரம்களைத் தேடி வாங்குகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு.

"இன்னா நைனா, இது எந்தக் காலத்து ஜாமான்?"

தட்டினேன். பிறகு முகர்ந்தேன். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்க்கிறவருக்கு நம் மேல் ஒரு மரியாதை வரும்.

"நரம்பு கட்டிக்கீது. உங்கள விட பழசு பாய்."

"என்ன விடவா? அப்ப பல்லெல்லாம் கொட்டிப் போயிருக்கணுமே."

"சிரிக்காதீங்க. வெள்ளக்காரன் காலத்துது."

"வெல?"

"ஜாஸ்தி" என்று சொல்லிக் கையை மேலே தூக்கினேன். எவ்வளவு என்று கேட்டிருந்தால் கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கியிருப்பேன். வேறு வழியில்லை.

"அப்ப உன் வூட்லயே இருக்கட்டும். அவராண்ட நீயே பேசு. எனக்குப் பேச வராது, ஊதத்தான் வரும்."

"இப்ப அதுவும் வர்ல."

"அதுக்குத்தானே உன்னாண்ட வந்தேன்!"

எங்கள் ஊரில் பித்தளையை வெளியாளுக்குக் காட்டுவதென்றால் முதலில் புளி போட்டுத் தேய்ப்போம். விளக்கானாலும் குடமானாலும் அப்படித்தான். சனிக்கிழமை இரண்டு தோலையும் கழற்றிவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். கறுத்துக் கிடந்தது மத்தியானத்துக்குள் நகைக்கடை மாதிரி மின்னியது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, டிரம்ம பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"மாப்ள சென்னைலேர்ந்து வர்றாரு. உள்பக்கம் தேய்க்கணும், இன்னும் ஒரு உருண்ட புளி குடு."

"உள்ள பூந்து யாரு பாக்கப் போறாங்க? மீதி புளி கொழம்புக்கு. போய்யா."

உள்ளே ஒரு இடத்தில் சிவப்பாகக் கறை இருந்தது. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புளியும் இல்லை, கையும் வலித்தது. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் டிரம்மைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, இத யாரு தேய்ச்சது?"

"நான்தான் சார்!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ஏன்ணே இப்படிப் பண்ணீங்க? அந்தக் கறுப்பு ஏற ஒரு ஆயுசு ஆகும். அதப் பாத்துத்தான் வெலயே. புதுசா செஞ்சி பழசுன்னு விக்கிறாங்க, நரம்பு கூட கட்டிடறாங்க. இப்ப இது எதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ வயசு சொல்றவன்னு நம்பி வந்தேன். நீ வயச கொறைக்கறவனா?"

பாய் சங்கடமாகச் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மூன்று விரல்கள் முழங்காலில் மாறி மாறி அமுங்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் ஏதோ பாட்டை ஊதிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

வந்தவர் பையைத் தோளில் மாட்டினார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "உள்பக்கம் தேய்க்கல சார், மன்னிச்சுக்கங்க, புளி கம்மியாப் போச்சி" என்றேன்.

அவர் நின்றார். "உள்ள தேய்க்கலயா?"

பையை இறக்கிவிட்டு, செல்போன் விளக்கைப் போட்டு, இன்னும் தோல் மாட்டாமல் இருந்த டிரம்முக்குள் தலையையே விட்டுவிட்டார். "இந்தச் செவப்பு என்னது?"

"வெத்தல எச்சி சார். இன்னொரு உருண்ட இருந்தா அதையும் எடுத்துட்டிருப்பேன்."

"நல்லவேள எடுக்கல. செவப்பு மை முத்திரைண்ணே இது! செஞ்ச மாசம், வருஷம் எல்லாம் குத்தியிருக்கான்."

பாய் எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சென்னைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருடத்தை வாசிக்க ஆரம்பித்தார், நான் உடனே "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று...

இதோ, எங்கள் பேண்டு வேன் வந்துவிட்டது, மீதியை அப்புறம் சொல்கிறேன். வேங்கிக்காலில் மாப்பிள்ளை அழைப்பு. வேன் ஜன்னலிலிருந்து பாய் புது டிரம்பெட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊதிக் கூப்பிடுகிறார்.

"நைனா! மாஸ்டர் கத்தறாரு, ஏறுப்பா!"

"தோ வந்துட்டேன் பாய், சட்டைக்குப் பொத்தான்..."