வெல்லப் பல்லி

பக்கத்து வீட்டில் பாலும் வெல்லமும் சுண்டும் வாசனை இன்று வந்ததும், கம்பைநல்லூரில் இடிந்து தரைமட்டமாகிப்போன எங்கள் சமையலறைக்குள் மறுபடி நின்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒவ்வொரு பொங்கல் லீவுக்கும் அம்மா பாலைச் சுண்டவிட்டு, வெல்லம் போட்டுக் கெட்டியாகக் கிளறி, சூடு ஆறுமுன் பல்லிகளாகப் பிடித்து, மிளகைக் கண்ணாகப் பதித்துத் தருவாள். அவற்றில் ஒன்றை என் தம்பி ஓசையில்லாமல் அப்பாவின் தட்டில் போடுவான், அப்பாவும் வருஷம் தவறாமல் அலறுவார்.

ஒரு பொங்கலுக்குத் தம்பி காய்ச்சலில் கிடந்தான்.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்று கெஞ்சினான்.

"காச்ச வுடட்டும் சாமி, வூடு நெறையச் செஞ்சு தர்றேன்" என்றாள் அம்மா.

மறுநாள் விடியுமுன் அவன் போய்விட்டான்.

எண்பது வயதிலும், சோற்றின் முன் உட்காரும்போதெல்லாம், "கேட்டப்பவே குடுத்திருக்கலாமில்ல?" என்று அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.