நாற்பத்தெட்டுக்குக் கீழே

எனக்குப் பொறாமை அதிகம். இதை மறைத்து எழுதினால் மீதி எல்லாமே பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டான் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என்னைப் போல லொறி ஓட்டுகிற ஒருவன் மேல் எனக்கு இருந்தது அந்தச் சில்லறைப் பொறாமை இல்லை. மூன்று வருடம் நெஞ்சுக்குள் கிடந்து புகைந்தது.

அவனிடமும் ஒரு லொறி, என்னிடமும் ஒரு லொறி. ஒரே மாதிரி, ஒரே நீளம், ஒரே பாரம் ஏற்றும். பாலாவிச் சந்தியைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு பெரிய வாகை மரம் நிற்கிறது. அதன் நிழலில் ஒன்றரை லொறி நிற்கலாம். முதலில் வருகிறவனுக்கு முழு நிழல். பிந்தி வருகிறவனின் லொறிக்கு முன்பக்கம் மட்டும் நிழல், பின்பக்கம் வெயிலில் காயும். அந்த நிழலுக்காக நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு ஓடி வருவோம்.

நாங்கள் ஒருவரிடமும் சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள் இல்லை. சொந்த லொறி, கிடைக்கிற ஹயர், வாடகை ஓட்டம். லோட் பிடித்துத் தருபவர் கொழும்பில் இருக்கிறார். புறக்கோட்டையில் ஒரு மூன்றாம் மாடியில் இரண்டு போனையும் ஒரு மின்விசிறியையும் வைத்துக்கொண்டு, எந்தக் கடைக்கு என்ன சாமான் போக வேண்டும், எந்த லொறி எங்கே சும்மா நிற்கிறது என்று எல்லாம் தெரிந்து வைத்திருப்பார். தமிழும் சிங்களமும் கலந்துதான் கதைப்பார். நாங்கள் எல்லோரும் அவரை மாத்தயா, அதாவது ஐயா என்போம், அவருக்கு நாங்கள் எல்லோரும் மல்லி, தம்பி. வாட்ஸ்அப் குரூப்பில் லோட்டைப் போடுவார், ரேட்டைப் போடமாட்டார். ரேட்டுக்கு ஒவ்வொருவனும் தனித்தனியாகப் போன் எடுத்துப் பேச வேண்டும். ஒருவனுக்குக் கிடைத்தது மற்றவனுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் மனிசனின் வித்தை.

கற்பிட்டி வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் எனக்கு நாற்பத்திரண்டாயிரம். அவனுக்கு நாற்பத்தெட்டு. புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் நாட்டாமை ஒருவர் வாய் தவறிச் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அன்றைக்குக் கொழும்பிலிருந்து சிலாபம் வரைக்கும் ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தியே ஓட்டி வந்தேன். எங்கள் வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து நாங்கள் கற்பிட்டி. அவனுடைய குடும்பம் தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இறங்கியது. ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தவன், இந்த வீதியை எனக்குப் பிறகு பழகியவன், என்னை விட ஆறாயிரம் கூட வாங்குகிறான். இப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அப்போது வெட்கம் எங்கே வந்தது, வயிறு எரிந்துகொண்டல்லவா இருந்தது.

என்னுடைய பேரம் பேசுகிற இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். போனில் மறுபக்கம் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவேன். “மாத்தயா, டீசல் விலை தெரியும்தானே. பின் டயர் ரெண்டும் மொட்டை. பிள்ளைக்கு வேற காய்ச்சல்.” அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்து, “ஹரி மல்லி, நாற்பத்திரண்டு” என்பார். ஹரி என்றால் சரி. கஷ்டத்தைச் சொன்னால் இரக்கம் வரும் என்று நான் நினைத்தேன். கஷ்டப்படுகிறவன் எதற்கும் ஒத்துக்கொள்வான் என்று அவர் நினைத்தார்.

வியாழக்கிழமை இன்னும் மோசம். கொழும்பில் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது புத்தளத்துக் கடைகளுக்கு மாவோ சீனியோ ஏற்றுவோம். “மாத்தயா, சுருக்கா ஒரு லோட் தாங்க, நாளைக்கு ஜும்ஆவுக்கு ஊர்ல நிக்கணும்” என்று நானே என் வாயால் சொல்வேன். இருபத்தைந்துக்கு வர வேண்டிய லோட் பதினெட்டுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான என் அவசரத்தையும் ரேட் இறங்குவதையும் சேர்த்து யோசிக்க எனக்கு வருடக்கணக்கு எடுத்தது.

அவன் மாத்தயாவுக்கு ஏதோ கொடுக்கிறான் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். சும்மா ஒருவன் ஆறாயிரம் கூடக் கொடுப்பானா? ஒரு நாள் அறுக்குளாக் கருவாடு, கையகலத் துண்டுகள், நல்ல சாமானாகப் பார்த்து வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அந்த மூன்று மாடியும் ஏறினேன். மாத்தயா மூக்குக்குக் கிட்டப் பிடித்து முகர்ந்து பார்த்தார். மேசைக்குக் கீழே வைத்தார். “ஹொந்தாய், ரொம்ப நல்லது மல்லி. அடுத்த முறை தலையும் கொண்டு வா, குழம்புக்கு.” ரேட் அதே நாற்பத்திரண்டு. கருவாடும் போனது, மூன்று மாடி ஏறிய முழங்கால் வலி மட்டும் மிச்சம்.

உண்மை தெரிந்தது அவனுடைய வீட்டில். பின்னேரம் ஒரு நாள் என்னுடைய பற்றரி இறங்கி லொறி நின்றுவிட்டது. அவன் தன்னுடையதிலிருந்து வயர் போட்டு இயக்கித் தந்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, “நானா, வூட்டுக்கு வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று கூட்டிப்போனான். கல் வீடு. பின்பக்கம் இன்னும் பூசவில்லை. குசினி வாசலில் அவனுடைய மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்து ஸலாம் சொன்னாள். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். அப்போது போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான், மாத்தயா. பேசவில்லை. நேரே கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில், திருவலைப் பலகை மேல் வைத்தான்.

அவள் ஒரு விரலால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“தங்கச்சி, நாளைக்கு வெங்காயம். நாற்பத்து மூணு தாறன்.”

“நாற்பத்தெட்டு, மாத்தயா.”

அவ்வளவுதான். டீசலும் இல்லை, டயரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவள் மறுபடி தேங்காய் திருவத் தொடங்கினாள். மறுபக்கம் மாத்தயா ஏதேதோ சொன்னார், சிரித்தார், கடை முதலாளியைத் திட்டினார், பிறகு அவரும் பேசாமல் இருந்தார். தேங்காய் திருவுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. என்னுடைய லோட் கூட இல்லை, ஆனாலும் எழும்பிப் போய் “சரி மாத்தயா, நாற்பத்தஞ்சு” என்று சொல்லிவிடுவேனோ என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“ஹரி தங்கச்சி, ஹரி. நாற்பத்தெட்டு.”

அவள் போனைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த பாதியை எடுத்தாள்.

அல்லாஹ்வே! அதுவரைக்கும் அவனுடைய ஆறாயிரத்தைப் பார்த்துத்தான் எரிந்தேன். அந்த நிமிசத்திலிருந்து அவனுடைய வீட்டையே பார்த்து எரியத் தொடங்கினேன். என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒரு ஹயரின் ரேட்டைக்கூட நான் சொன்னதில்லை. கேட்டால், “உனக்கு என்ன விளங்கும்” என்பேன்.

அவனுடைய மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். “நானா, நீங்க கதைக்கிற கதையெல்லாம் இவர் சொல்லுவார். கோவிக்காதீங்க. ஜும்ஆ எண்ட சொல்லை அந்தாளுக்கு முன்னால வாயிலயே எடுக்காதீங்க. நாங்க நாற்பத்தெட்டுக்குக் கீழ போறதில்ல. நீங்களும் போகாதீங்க. ரெண்டு லொறியும் ஒண்டா நிண்டா அவருக்கு வேற வழி இல்ல.”

யார் இப்படிச் சொல்வார்கள்? தன் கடைசி ரேட்டைத் தொழிலில் போட்டியாக நிற்கிறவனுக்கு யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? “வல்லாஹி, போகமாட்டேன் தங்கச்சி” என்று நானும் சொன்னேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

அடுத்த இரண்டு மாதம் நானும் நாற்பத்தெட்டில் நின்றேன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல் போனை லொறியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கி மரத்தைச் சுற்றி நடப்பேன். திரும்பி வந்தால், “மல்லி, இருக்கியா? ஹரி, ஹரி” என்று கேட்கும். ரேட் கிடைத்தது. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொல்லித் தந்து கிடைத்தது, அதுவும் அவனுடைய மனைவி சொல்லித் தந்து. ஒவ்வொரு முறையும் காசை வாங்கும்போது அந்த நினைப்பு வந்து குத்தும்.

அப்போதுதான் உப்பு லோட் வந்தது. புத்தளத்திலிருந்து கொழும்புக்குக் கிழமைக்கு மூன்று தரம், வருடம் முழுக்க. ஒரு லொறிக்குத்தான். அது கிடைத்தால் மரத்தடியில் காத்துக் கிடக்கத் தேவையில்லை, வெங்காயம் இல்லாத மாதங்களில் வீதியைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்கு என்று மாத்தயா சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் ரேட்டைச் சொல்லச் சொன்னார்.

வியாழன் மத்தியானம் அவனுடைய வீட்டைத் தாண்டிப் போனேன். வாசலில் மணல், கல், கம்பி. மேல் மாடிக்குக் கொங்கிரீட் பிளேட் போட ஆள் வந்து அளந்துகொண்டிருந்தான். அவள் முற்றத்தில் நின்று கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். நூறு யார் தூரம் போய் லொறியை ஓரங்கட்டினேன். போனை எடுத்து மாத்தயாவின் நம்பரை அழுத்தினேன். ஒரு முழு வீட்டின் சிரிப்பையும் பார்த்த கோபம் அது.

“மாத்தயா, உப்புக்கு நாற்பத்தாறு. நான் போறன்.”

அவர் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வரவும் இல்லை. நானாகவே போன் எடுத்து நானாகவே சொன்னேன். அவர் ஒரு நொடிகூடப் பேசாமல் இருக்கவில்லை. “ஹரி மல்லி! உனக்குத்தான்” என்றார். வாய் மூடுவதற்குள் கிடைத்துவிட்டது. அவ்வளவு சுருக்காகக் கிடைத்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மரத்தடியில் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். “மாஷா அல்லாஹ் நானா. உங்களுக்குக் கிடைச்சதும் நல்லதுதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே ரேட் சொன்னா அவர் மூத்தவருக்குத்தானே குடுப்பார்.” அவன் என் மேல் ஒரு துளி பொறாமைப்படவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. பொறாமைப்படக்கூடத் தெரியாத மனிசன்!

பத்து நாளில் வெங்காயத்தின் ரேட் எல்லோருக்கும் நாற்பத்தாறாகியது. மாதம் முடிவதற்குள் உப்புக்கு நாற்பத்து நான்கு என்றார் மாத்தயா. நான் கத்தினேன். “கேட்காமலே ரெண்டு குறைச்சவன் நீ. கேட்டா இன்னும் ரெண்டு குறைக்க மாட்டியா மல்லி?” என்று சிரித்தார். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. குறைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவனுடைய மனைவி.

“நானா, அஸ்ஸலாமு அலைக்கும். வேலையா?”

“இல்ல தங்கச்சி, சொல்லுங்க.”

“மாத்தயா சொல்றார், உப்பு லொறி நாற்பத்தாறுக்குத்தான் தொடங்கினதாம். அதனாலதான் எல்லாருக்கும் குறைச்சாராம். நான் அவர்ட்ட, பொய் சொல்லாதீங்க, எங்கட நானா அப்பிடிப் போகமாட்டார் எண்டு சொல்லிட்டன்.”

சொல்லிவிட்டு அவள் பேசாமல் இருந்தாள்.

ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நானும் நின்றிருக்கலாம். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் போனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மூச்சு முட்டியது. டீசல் விலை என்றேன். பின் டயர் என்றேன். வெங்காயம் இல்லாத மாதம் வருகிறது என்றேன். அவள் இன்னும் பேசவில்லை. “நீங்க மேல்மாடி கட்டுறீங்க தங்கச்சி, உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டேன். அதைக் கேட்டு முடிந்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே விளங்கியது.

“சரி நானா” என்றாள். வைத்துவிட்டாள். திட்டவில்லை.

அவன் அந்த மரத்தடிக்கு அதன் பிறகு வரவில்லை. வீதியில் கண்டால் ஸலாம் சொல்வான், நானும் பதில் சொல்வேன், அவ்வளவுதான். இப்போது ஆறு லொறிக்காரர்கள் தங்கள் ரேட்டை அவளைக் கொண்டுதான் பேசுவிக்கிறார்கள். மாத்தயாவின் போன் வந்தால், “தங்கச்சியோட கதையுங்க” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பிளேன்டீ குடிக்கிறார்கள். வெங்காயம் மறுபடி நாற்பத்தெட்டுக்கு ஏறி ஐம்பதும் ஆகிவிட்டதாம். நான் ஒருவனிடம் சொல்லி அனுப்பினேன், என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. “நானாவுக்குத்தான் நல்லாக் கதைக்கத் தெரியுமே” என்று சொன்னாளாம்.

நிழல் முழுக்க இப்போது எனக்குத்தான். விடியற்காலையில் ஓடி வரத் தேவையில்லை. போன வியாழக்கிழமை கொழும்பில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்புகிற லோட்டுக்குக் காத்திருந்தேன். பின்னேரம் மாத்தயா போன் எடுத்தார்.

“மல்லி, நாளைக்கு ஜும்ஆதானே?” என்று கேட்டார். ரேட்டைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

நான் ஓம் என்றேன்.