பவி வெளியே வரும்வரை சொல்லிவிடாதீர்கள்

ஸ்டெல்லா சிஸ்டர் நேற்று மாலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... டூட்டி முடிந்து இரும்புலியூர் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியவர், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

சேலையூரில் நான் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். பல வருடப் பழக்கம்.

எல்லோரும் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என் மகள் பவித்ராவை இதில் டேக் செய்ய வேண்டாம், அவள் நம்பருக்கு மெசேஜும் வேண்டாம். அவளுக்கு இன்னும் தெரியாது.

இன்று அவளுக்கு நர்சிங் காலேஜ் இன்டர்வியூ. என்ட்ரன்ஸ் எழுதி, லிஸ்ட்டில் பெயர் வந்து, இதுதான் கடைசி ரவுண்டு. காலேஜ் வாசலில் இத்தனை கூட்டம், இருக்கிற சீட்டோ கொஞ்சம்தான்.

சிஸ்டரின் அண்ணன் பிள்ளைகள் எல்லாம் பவிக்குப் பழக்கம். அதனால் நேற்றே, "படிக்கிற நேரத்துல போன் எதுக்குடி?" என்று அவள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இப்போது என் ஹேண்ட்பேக்கில் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. காலேஜ் கேட்டுக்கு எதிரில் மற்றப் பெற்றோர்களோடு உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

நேற்று கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போய் சிஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். துக்க வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் எப்படி இருப்பது? ஈரத் தலையோடு வந்து நின்றால் பவி கேட்கிறாள், "என்னம்மா, இந்த நேரத்துல தலைக்கு ஊத்தியிருக்க?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பல்லி விழுந்துடுச்சுடி."

"எங்க? தலையிலயா?" அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நேராகப் போய்க் காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பலன் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் இன்டர்வியூ, அம்மா தலையில் பல்லி... "தலையில இல்லடி, தோள்ல" என்று மாற்றினேன். "எந்தத் தோள்மா? வலதா, இடதா?" இப்படி ஒரு பொய்யை என்னால்தான் சொல்ல முடியும். சிஸ்டர் கேட்டிருந்தால் வார்டே அதிரச் சிரித்திருப்பார்.

பவி நர்சிங் படிக்கிறேன் என்றபோது முதலில் சண்டைக்கு வந்தவரே அவர்தான். "உனுக்கு இன்னா பைத்தியமா சுமதி? நான் படறது பத்தாதா? நாவலூர் பக்கம் ஏதுனா ஏசி ஆபீஸ்ல குந்த வெப்பியா, அத்த வுட்டுட்டு..." என்று கத்தினார். அப்புறம் கொஞ்ச நாள் என் கவுன்ட்டர் பக்கமே வரவில்லை.

ஆனால் என்ட்ரன்ஸ் ரிசல்ட் அன்று பார்த்தால் என்னைவிட அவருக்குத்தான் அவசரம். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் நின்று நின்று, "லிஸ்டு வந்துச்சா? நெட்டு வேல செய்யுதா?"

மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டும் அவருக்கு நிம்மதி இல்லை. "உன் சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெய்யி. ஒருத்தரையே நம்பிகினு இருந்தா பேஜாராப் பூடும்" என்றார். நானும் பயந்துபோய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மெடிக்கல் செக்கப்பில் ரத்தம் போதவில்லை என்று தள்ளிவிடுவார்களோ என்பது அவருடைய தனிக் கவலை. பவியை எங்கே பார்த்தாலும், கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பாக இருந்தாலும் சரி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். "எப்படி வெளுத்துகினு கீது பாரு! இன்னாதான் துன்ற நீ?"

மறுநாள் என் கவுன்ட்டருக்கு ஒரு டப்பாவில் முருங்கைக்கீரை வந்துவிடும். பவிக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

சிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தார். அந்த அண்ணன் இப்போது போன் செய்தார். "நாலு மணிக்கு எடுக்கறோம்மா. ஃபாதர் டைம் குடுத்துட்டாரு. பாப்பாவுக்கு முடிஞ்சுதா?"

முடியவில்லை. என்ட்ரன்ஸ் நம்பர் வரிசையில் கூப்பிடுகிறார்களாம், அவள் கடைசிப் பக்கம்... அப்புறம் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கைத் தாண்டி இரும்புலியூர் போய்ச் சேர வேண்டும்.

அவள் சிஸ்டர் முகத்தைப் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டால் என்னை மன்னிக்கவே மாட்டாள். நன்றாகக் கேள்வி கேட்டு சீட் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்வதா, கேட்டது போதும் சீக்கிரம் அனுப்புங்கள் என்று வேண்டிக்கொள்வதா... எனக்குத் தெரியவில்லை.

எடிட்: வந்துவிட்டாள். சீட் கிடைத்தவர்கள் லிஸ்ட் அடுத்த வாரம்தானாம்.

"தெரிஞ்ச நர்ஸ் யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்கம்மா. நான் ஸ்டெல்லா ஆன்ட்டியப் பத்திதான் ஃபுல்லா சொன்னேன், கீரை மேட்டர் உள்பட! ஒரு மேடம் சிரிச்சுட்டு, 'இப்பவும் வேலை பாக்கறாங்களா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா மேடம், இன்னிக்குக்கூட டூட்டில இருப்பாங்க'ன்னேன்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "போன் குடும்மா, ஆன்ட்டிகிட்ட பேசணும்."

"மொதல்ல சாப்பிடு" என்றேன். காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை அவளுக்கு. இப்போது எதிர்க் கடையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறாள். ஆட்டோவை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர்... இன்னும் நாலு வாய் சாப்பிட்டுவிடட்டும். சொல்லிக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.