புரட்டாசியில் குடிவந்த மரநாய்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் எங்களுக்கு விருந்து. சீரக சம்பா பிரியாணி. தம் போட்ட பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் ஆவி வந்து முகத்தில் மோதியது. நான் கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா, அப்படியே மரநாய் வாசனை!" என்றேன். மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. "அவ பாராட்டுறா" என்று என் கணவர் அவசரமாக மொழிபெயர்த்தார். அந்த வீட்டம்மா நம்பவில்லை. எனக்கு மறுசோறு வரவில்லை. அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஆரணியில் தபால் நிலையத்தில் வேலை. கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த ஊரில் வாடகை அறை கிடைப்பது பட்டுப்புடவையில் விழுந்த எண்ணெய்க் கறையைப் போக்குவது மாதிரி. நடக்கலாம், ஆனால் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். முதலில் ஓர் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் இருந்தேன். காற்று திரும்பினால் தலையணை வரை உமித்தூசி. செருப்புகூட வாசலைப் பார்த்தபடி ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற எனக்கு அது சிறை. துடைத்து முடித்த இடத்திலேயே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் மாணிக்கம் அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறை கிடைத்தபோது பெட்டியை இறக்கும் முன்பே இது என் அறை என்று மனத்துக்குள் பூட்டுப் போட்டுவிட்டேன். ஓட்டு வீடு. முன்கூடத்தில் மூன்று பட்டுத் தறிகள். பின்னால் கிணறு, துவைக்கிற கல், ஒரு பப்பாளி மரம். மதியம் நடந்து வந்து சாப்பிட்டுவிட்டு அலுவலகம் திரும்பலாம். மாணிக்கம் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா அதிகம் பேசமாட்டார். அண்ணன் பேசுவதே அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

அண்ணனுக்குக் கறி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை கசாப்புக்காரர் கடை திறப்பதற்கு முன்பே இவர் பையோடு போய் நின்றிருப்பார். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் முட்டைகூட நுழையாது. சனிக்கிழமை நாமம், தளிகை, கோவிந்தா எல்லாம் முறைப்படி நடக்கும். அண்ணன் பக்தியோடுதான் விரதம் இருந்தார். ஆனால் தறிச் சத்தமே ஏதோ அழுகிற மாதிரி கேட்கும்.

அப்படி ஒரு புரட்டாசியின் முதல் சனிக்கிழமை, காலை நேரம், அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, சமையல் ஜோரா?"

"தயிர் சாதம்தாண்ணா."

"தயிர் சாதத்துக்கு இந்த வாசனையா? சீரக சம்பா வேவுதும்மா. எம்மூக்கு பொய் சொல்லாது."

எனக்கும் அந்த வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. முன்கட்டில் ஏதோ விசேஷ சமையல் என்று நான் நினைத்திருந்தேன். பாத்திரத்தைத் திறந்து காட்டினேன். அண்ணன் உள்ளே பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

"துண்ணு முடிச்சிட்டியா?" என்றார்.

சரோஜா அக்கா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "பொம்பளப் புள்ளகிட்ட இன்னா கேள்வி கேட்டுகினு நிக்கற?"

"நான் வாயக் கட்டிகினு கெடக்கறேன். என் வூட்லயே ஒருத்தி பிரியாணி துண்றா!"

வாசனை நிற்கவில்லை. சில நாள் காலையில் வரும். சில நாள் விளக்கு வைக்கும் நேரத்தில். அண்ணன் மூக்கைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். சுற்றி முடித்து என் அறை வாசலில்தான் வந்து நிற்பார். ஒரு நாள் அமைதியாகவே சொன்னார்: "ஐப்பசி பொறந்ததும் வேற எடம் பாத்துக்கம்மா. துண்றதுகூட பரவால்ல. பொய் சொல்ற பாரு, அதான் பேஜாரு."

எனக்கு மறுபடி உமித்தூசி கண்முன் பறந்தது.

துப்பு கிடைத்தது கிணற்றடியில். துவைக்கிற கல்லின் ஒரே மூலையில் தினமும் ஏதோ ஒன்று எச்சமிட்டுவிட்டுப் போயிருக்கும். அக்கா "எவன் வூட்டுப் பூனையோ" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அன்று நான் முந்திக்கொண்டேன். குனிந்து பார்த்தால் உள்ளே முழுதாக, பளபளவென்று சீத்தாப்பழக் கொட்டைகள். எந்தப் பூனை சீத்தாப்பழம் தின்னும்?

தபால் பிரிக்கிற கை சும்மா இருக்குமா? ஒரு குச்சியால் அதையெல்லாம் கிளறி, கழுவி, செய்தித்தாளில் காயவைத்தேன். சீத்தாக் கொட்டை ஒரு பக்கம், பப்பாளி விதை ஒரு பக்கம், கொய்யா விதை ஒரு பக்கம், பூச்சியின் ஓடு மாதிரி ஏதோ ஒன்று தனியாக. நான்கு ஊருக்குப் போகிற கடிதங்களைப் போலப் பிரித்து வைத்துவிட்டுத் திருப்தியாக நிமிர்ந்தபோது அக்கா பின்னால் நின்றிருந்தார். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "ஒடம்பு எதுனா செரியில்லியாம்மா?"

நூலகத்தில் ஒரு விலங்கியல் புத்தகத்தைப் புரட்டினேன். மரநாய். பேர்தான் நாய், நாய்க்கு உறவே இல்லை. பகலில் மரப்பொந்திலோ ஓட்டுக்கூரையிலோ தூங்கும். பழம் தின்னும், எலியும் தின்னும். கொட்டைகளை முழுசாகப் போட்டு ஊரெல்லாம் மரம் வளர்க்கும். எச்சமிடத் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும். அந்த ஒழுங்கைப் படித்ததும் எனக்கு அதன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. தன் எல்லையைக் குறிக்க வாலடியில் உள்ள சுரப்பியைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்த மணம் சிலருக்கு வாசனை அரிசி வேகிற மாதிரி இருக்கும் என்றும் போட்டிருந்தது. நூலகத்தில் பேசக்கூடாது என்பதையும் மறந்து "அப்பாடா!" என்றேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பிரியாணிய நீ துண்ணுட்டு, பழிய நாய் மேல போடற" என்றார். ஆனாலும் அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் கிணற்றடியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தோம். விளக்கு வைக்கிற நேரம். ஓரத்தில் ஓர் ஓடு விலகியிருந்த இடத்தில் முதலில் மூக்கு வந்தது. பிறகு முகமூடி போட்ட மாதிரி ஒரு முகம். பிறகு சாம்பல் கறுப்பில் நீண்ட உடம்பு. அதற்குப் பின்னால், முடியவே முடியாது போல ஒரு வால். சுவரோரமாக நடந்து, நின்று, பின்பாகத்தைச் சுவரில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, பப்பாளி மரத்துக்குத் தாவியது.

வாசனை இறங்கி வந்தது.

அண்ணன் எழுந்து சுவரோரம் போய் மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். "மெய்யாலுமே பிரியாணிதான்டி, சரோஜா" என்றார். கூரைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள் கேட்டன. குட்டிகள்.

"நீ இரும்மா" என்றார் என்னிடம். "அது காலி பண்ணட்டும்."

என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்கு ஓர் இரவுகூட நிற்கவில்லை. தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு நிறம், அகலக் கரை. மேலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் விழுந்தால் புடவை போச்சு. அண்ணன் பயந்ததில் தப்பில்லை. ஆனால் ஓடு விலகிய இடத்தை அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்துப்போகும். தாய் வெளியிலிருந்து ஓட்டைப் பெயர்க்கும். இதைச் சொல்லிக் கெஞ்சினேன். "கூலிக்கு ஆள் சொல்லியாச்சும்மா. சனிக்கெழம வரான்" என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை ஓடு மாற்றும் ஆள் ஏணியோடு வந்தார். மதியம் நெருங்கிவிட்டது. அண்ணன் தளிகை முடித்து, இலையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓடு விலகிய மூலைக்கு நேர் கீழே, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பார் சாதத்தை ஓர் உருண்டை உருட்டுவார். முகத்தை மேலே தூக்கி மூச்சை இழுப்பார். வாயில் போடுவார். மறுபடி உருட்டுவார். தறியின் மேல் ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தது. அதை அவர் எப்போது கட்டினார் என்று எனக்குத் தெரியாது.

"இன்னா மாமா, ஓட்ட எங்க?" என்றார் ஏணிக்காரர்.

"ஓட்டையும் வேணாம், ஒன்னும் வேணாம். புரட்டாசி முடியட்டும், வா."

"ஏன் மாமா?"

"வாசனையத் தொட்டுக்கினு துண்றேன்டா. கெடுத்துடாத!"

சரோஜா அக்கா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "பெருமாளுக்குத் தெரிஞ்சா விரதம் செல்லாது!"

"மூக்குக்கு ஏதுடி விரதம்?"

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு வீட்டில் நிஜமான பிரியாணி. அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டார், யோசித்தார். "அந்த மாரி இல்ல" என்றார். "கறியப் போட்டு கெடுத்துட்ட." அக்கா கரண்டியை ஓங்கினார். ஏணிக்காரர் மறுபடி வந்தபோது "குட்டிங்க எறங்கட்டும்" என்று திருப்பி அனுப்பினார். குட்டிகள் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் மேல் வந்து வரிசையாக உட்கார்ந்து, கீழே அண்ணன் நெய்வதை மேஸ்திரி மாதிரி பார்க்கும். கார்த்திகையில் ஒரு மாலை தாய் முன்னே போக, அவை பின்னே போயின. அந்த ஓடு மட்டும் விலகியபடியே இருந்தது. அடுத்த வருஷமும் வாசனை வந்தது.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. மறுபடி நான் ஆரணிக்குப் போனது இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷங்கள் கழித்து. அந்த இடத்தில் மகன் கட்டிய தளம் போட்ட வீடு. உள்ளே விசைத்தறிச் சத்தம். அண்ணன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"உனுக்காவது புரட்டாசி முடியற வரைக்கும் டைம் குடுத்தேன். அந்த மரநாய்க்கு யாரும் ஒரு வார்த்த சொல்லலம்மா. காலையில ஓடு பிரிச்சானுங்க. சாயங்காலம் வந்துச்சு. பாதிச் சுவத்து மேல ஏறி நின்னு, கூரை இருந்த எடத்தப் பாத்துகினே இருந்துச்சு."

"அப்புறம்?"

"எறங்கிப் போச்சு."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். சீத்தாக் காடும் பனைகளும் இருந்த பக்கம் அது. இப்போது அங்கே வெள்ளையடித்த கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மனை எண், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை பிசகாமல்.