அணையாத பச்சை எலிகள்

எலியக்காவுக்கு எதிலும் ஒரு சந்தேகம். பதினேழு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையைப் பார்த்துக்கொள்பவர். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், பாதி வழி போனபின் தன் கையையே சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார்.

அந்த வருடம் வந்த எலிகளுக்குள் ஆராய்ச்சி மேடம் புதிதாக ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தார். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தால் அது விழித்துக்கொள்ளும். நீல விளக்கின் கீழ் எலி பச்சையாக ஒளிரும். மருந்தை நிறுத்தினால் சில நாளில் ஒளி அணைய வேண்டும். நிறுத்தி ஒரு மாதமாகியும் காதும் வாலும் பச்சைப் பசேலென்று இருந்தன.

"யாரோ இன்னும் மருந்துத் தண்ணி வைக்கிறாங்க" என்றார் மேடம். "யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிடும்."

அறைக்குள் வருபவர்கள் மேடத்தை விட்டால் இரண்டே பேர்: எலியக்கா, பாட்டில்களைக் கழுவி நிரப்பும் ஒல்லிக்காரன். தான் வைக்கவில்லை என்றால் அவன்தான் என்று அக்கா கணக்குப் போட்டார். அன்றிலிருந்து அவன் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் விசிலடித்தால் சந்தேகம். அடிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். ஒருநாள் அவன் பாட்டிலை முகர்ந்து பார்ப்பதைக் கண்டதும் நேரே மேடத்திடம் போனார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். சத்தியமா அவன்தான்."

மறுநாள் ஒல்லிக்காரன் வரவில்லை. பாட்டில்களை அக்காவே நிரப்பினார். இரண்டு வாரம் கழித்து நீல விளக்கைப் போட்டார்கள். எலிகள் அப்படியே ஒளிர்ந்தன.

இப்போது மேடத்தின் கண் அக்காவின் கைமேல் விழுந்தது. கூண்டு மாற்றும் நாளில் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அக்கா வழக்கம்போல அழுக்குக் கூண்டிலிருந்து ஒரு பிடி பழைய மரத்தூள் படுக்கையை அள்ளிப் புதுக் கூண்டில் போட்டார்.

"அது எதுக்கு?"

"பழைய வாசனை இல்லன்னா மிரண்டுபோய் ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கும் மேடம். எப்பவும் போடுறதுதான்."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதுல கிடக்கிற புழுக்கையில மருந்து இருக்குமே! எலி தன் புழுக்கையையே தின்னும். வாரா வாரம் நீங்களே ஊட்டி விட்டிருக்கீங்க."

அக்கா புதுக் கூண்டிலிருந்து அந்தப் பிடியை அவசரமாக வழித்தெடுத்தார்.

"சரி, விடுங்க. தெரியாமதானே செஞ்சீங்க. இனிமே போடாதீங்க."

வேலை தப்பித்தது. ஆனால் அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "அப்ப... அவன் மேடம்?"

மேடம் கையுறையைக் கழற்றினார். "அவரும் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொன்னாரு. அழுதாருகூட. நீங்க சத்தியம் பண்ணினதால அனுப்பிட்டேன்."