பேக்கப் சர்வருக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ல, ள, ழ மூன்றோடும் எனக்கு இன்னும் சண்டைதான். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஆபீசும் கம்ப்யூட்டர் அறையும் என் பொறுப்பு. போன ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது போல பேக்கப் சர்வருக்கும் வைத்தேன். மற்ற கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் பெட்டி அது. வைக்கச் சொன்னதே கம்ப்யூட்டர் ஆபீசர்தான். முன்பக்கத் தகரத்தில் விரல் நுனியளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். அவ்வளவுதான்.

லீவு முடிந்து திறந்ததும் அந்த சர்வர் படுத்துவிட்டது. காலையில் முடியவேண்டிய நகல் மத்தியானம் தாண்டியும் இழுத்தது. நெட்வொர்க் முழுக்க நெரிசல். கேட் பாஸ் அச்சாகாமல் லாரிகள் வாசலில் நின்றன. டிரைவர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் திட்டினார்கள்.

ஆபீசர் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், சந்தனத்தக் கரைச்சு உள்ளயே ஊத்திட்டியா? சர்வர் என்ன அம்மன் சிலையா, அபிஷேகம் பண்றதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்ல சார், வெளியதான்..." மிச்சம் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அன்றே என்னை இரும்புத் தூள் அள்ளும் ஸ்கிராப் யார்டுக்குத் தள்ளினார்கள். "சர்வர் உன்னாலதான் போச்சுன்னு கம்பெனி சொல்லிட்டா, உன்ன வச்சுக்க முடியாதுப்பா," என்றார் காண்ட்ராக்டர். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

பெங்களூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். எங்கே ஊற்றினேன் என்று காட்ட என்னையும் வரச்சொன்னார்கள். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிறகு திரையைப் பார்த்ததும் பாதிக் கன்னடத்தில் கத்தினார்.

"ஏன்ரீ இது! எல்லா கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் டெய்லி காப்பி எடுக்க யாரு போட்டது? அதுவும் எல்லாம் ஒரே டைம்ல? சர்வர் மூச்சு முட்டாம என்ன செய்யும்? கணக்கு, டிராயிங் டெய்லி எடுங்க. சிஸ்டம் வாரத்துக்கு ஒரு தடவ, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு எடுத்தா போதும்."

"சேஃப்டிக்குன்னு... லீவுக்கு முன்னாடி நான்தான் போட்டேன்," என்றார் ஆபீசர், சின்னக் குரலில்.

மாற்றி வைத்த மறுநாளே லாரிகள் நிற்காமல் போயின. என்னையும் ஆபீசுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால், 'உன்மேல் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை? யார் வாயிலிருந்தும் வரவில்லை. என்னைத் திட்டியது மட்டும் அத்தனை பேர் முன்னால்! கேண்டீனில் இன்றும் என் பெயர் 'அபிஷேகம்'. தப்பு அவருடையது, பட்டப்பெயர் எனக்கு. இது என்ன நியாயம்?

நேற்று மறுபடி கம்பெனியில் பூஜை. ஆபீசர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"வழக்கம்போல வச்சிடுப்பா."

பிரிண்டர், யூபிஎஸ், அவர் மேசைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பேக்கப் சர்வரிடம் வந்ததும் கிண்ணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"இதுக்கு நீங்களே வச்சிடுங்க சார். நாளைக்கு படுத்துச்சுன்னா என் வேலை போகக்கூடாது."

எப்படியோ முழுதாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரே குனிந்து, விரலால் தொட்டு வைத்தார்.

எழுதியது விஜயதசமி அன்று.