எனக்கும் ஓட்டத் தெரியும்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் தெரியாது என்று வாயில் வராது. அந்த வாய்தான் நாற்பத்தெட்டு வயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றியது.

இப்போது இருப்பது மாத்தூரில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்னக் குடியிருப்பு. மொத்தமே நான்கு தெரு. கடலைப் பார்த்து வளர்ந்தவளை இந்தத் தேங்கின தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாரே என்று முதல் ஒரு வருஷம் வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு விடிகாலையில் கரைமேல் நடக்கப் போனேன், வாய் தானாக அடங்கிவிட்டது. இங்கே யாரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. இரண்டு கரண்ட் கம்பங்களுக்கு நடுவே வலை கட்டி ஷட்டில் ஆடுவார்கள். தண்ணீர் வற்றின பக்கம் கிரிக்கெட். உடற்பயிற்சிக்கென்று பூங்காவில் நட்டு வைத்த இரும்புக் கருவிகளில் பெரிசுகள் துண்டைக் காயப்போட்டுவிட்டு அரசியல் பேசுவார்கள். எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். வெயில் ஏறிக் கடல் காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து ஆலைகளின் கேஸ் வாடை வரும், ஆளாளுக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களின் சைக்கிள் நாள். பத்துப் பன்னிரண்டு பேர் பூங்கா வாசலில் கிளம்பி, ஏரியைச் சுற்றிவந்து, கரை முடியும் இடத்தில் இருக்கும் இட்லிக் கடையில் இறங்குவார்கள். நான் நடந்துகொண்டே அவர்களைப் பார்ப்பேன். பொறாமையாக இருக்கும், ஏன் மறைக்க வேண்டும். சின்ன வயதில் என் அண்ணன்மார் மூன்று பேரும் வாடகை சைக்கிளில் பறப்பார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா என்னைத் தொடவே விடவில்லை.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி எங்கள் எதிர்வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் கோலம் போடும்போது, நீயும் வாயேன், ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். "தெரியாம இன்னாக்கா" என்றேன். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்குப் பேர் எழுதிக்கொண்டார். தெரியாது என்று தெரிந்துவிட்டால் பாவம் பார்த்து, நீ நடந்தே வா என்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கன்டெய்னர் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. இவர் தரையில் நின்று கையை ஆட்டித்தான் பெட்டியை இறக்க வைப்பார். மறுநாள் இன்னும் வெளுக்காத நேரத்தில், எங்கள் பையனுடைய உயரமான சைக்கிளோடு ஏரியில் போய் முட்டும் பின்தெருவுக்குப் போனோம். என்னை ஏற்றி உட்கார வைத்தார். பின்னால் பிடிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் இருபதடி முன்னால் போய் நின்றுகொண்டு, கையைத் தூக்கி வா வா என்று காட்டுகிறார். நான் மிதித்தேன். அவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நேரே ஆகாயத்தாமரைக்குள் போய் விழுந்தேன்.

"பின்னாடி வந்து புடிக்க வேண்டியதுதானய்யா" என்று சேற்றிலிருந்து கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "ஓடற லோடு மேல யாரும் கை வெக்கக் கூடாதுமே. முன்னால நின்னு சிக்னல்தான் குடுக்கணும். இத்தினி வருசத்துல நான் ஒரு பொட்டியக் கீழ போட்டது கெடயாது."

"பொட்டிக்கு வாய் இல்ல, எனக்குக் கீது. வந்து புடி."

மறுநாளிலிருந்து பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கும், ஆனால் விடமாட்டார். இரண்டாவது வாரத்தில் பக்கத்தில் மட்டும் ஓடி வந்தார். தெருமுனையில் அவர் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவார், நான் அவர் தோளைப் பற்றி இறங்குவேன். இருவருக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. கால் தரைக்கு எட்டாததால், பூங்கா வாசல் திண்டில் ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்தேன். மாதாவே என்று மிதித்தேன். முதல் வளைவில் தடுமாறினேன், பிறகு சைக்கிள் என் பேச்சைக் கேட்டது. கொக்குகள் எழும்பின. தண்ணீர் முழுவதும் வெயில். பேசிக்கொண்டே வந்த பெண்கள் என்னையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் மூச்சிரைக்கப் பதில் சொன்னேன்.

இட்லிக் கடை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அப்போதுதான் புரிந்தது, எனக்கு இறங்கத் தெரியாது. பிடிக்க வேண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கௌரவத்தை விட மனமில்லாமல், "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனேன். பின்னால் கைதட்டினார்கள்.

தனியாக அந்த ஏரியைச் சுற்றியபோது பயம் பாதி தூரத்துக்குத்தான் இருந்தது. மீதி தூரம் நான் பாட்டுப் பாடினேன். யாரும் பிடிக்கவில்லை, யாரும் முன்னால் நின்று கையும் காட்டவில்லை. ஆனால் முழங்கால் ஓய்ந்துவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு உடம்பில் தெம்பில்லை. மறுபடி கடை தெரிந்ததும் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"யக்கா, எனக்கு நிறுத்தத் தெரியாது. ஓட்டவே இப்பத்தான் கத்துக்கினேன். புடிங்க."

எதிர்வீட்டு அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார், ஒருத்தி கேரியரை, இன்னொருத்தி என் இடுப்பை. ஒருவழியாக இறங்கி நின்றேன். தெரியும் என்று பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

அக்கா சிரித்தார். "தெரியும்மே. ரெண்டு வாரமா அவுங்கவுங்க மொட்ட மாடியில நின்னு பாத்துகினுதான் இருந்தோம். கேட்டா நீ வராம பூடுவியேன்னு யாரும் வாய் தொறக்கல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றாக மூக்குடைபட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் மூக்குடைபட்டதே இல்லை.